கடிதமும் ஆட்டுக்குட்டியும்

தாமஸ் ஹார்டியின் 'ஃபார் ஃப்ரம் த மேடிங் க்ரவுட்' 1874இல் 'கார்ன்ஹில்' இதழில் பெயரில்லாமல் தொடங்கியபோது, எழுதுவது ஜார்ஜ் எலியட்டாக இருக்குமோ என்று 'ஸ்பெக்டேட்டர்' இதழ் ஊகித்தது. எலியட்டின் 'மிடில்மார்ச்' அப்போதுதான் (1871-72) வந்து முடிந்திருந்தது. இரண்டிலும் தொடக்க அத்தியாயங்களிலேயே ஓர் ஆண் பெண் கேட்கிறான். அந்த இரண்டு இடங்களையும் அடுத்தடுத்துப் படித்தால் 'ஸ்பெக்டேட்டர்' ஏமாந்தது வியப்பாக இருக்கிறது.

'மிடில்மார்ச்'சில் நாற்பத்தைந்தைத் தாண்டிய பாதிரியார் கசோபன், இருபது நிரம்பாத டோரதியாவுக்குக் கடிதம் எழுதுகிறார். ஒரு வாக்கியத்தின் வயிற்றுக்குள் மூன்று வாக்கியங்கள். தன் வாழ்வில் ஒரு குறை. அதை நிரப்பும் தகுதி அவளிடம். உதவியாளர் நியமன ஆணையைக்கூட இதைவிட ஈரமாக எழுதலாம். அன்பு என்ற சொல் வராமலில்லை. செலவழிக்காமல் வைத்திருந்த சேமிப்பைப் போல வருகிறது. டோரதியா என்ன செய்கிறாள்? மண்டியிட்டு அழுகிறாள். மறுமொழியை மூன்று முறை எழுதுகிறாள், சொல்லை மாற்ற அல்ல, கையெழுத்து திருத்தமாக அமைய. அவருடைய ஏடுகளைப் படியெடுக்கப்போகும் கை அல்லவா! கடிதத்தில் இல்லாத காதலையெல்லாம் அவளே இட்டு நிரப்பிக்கொண்டாள்.

ஹார்டியின் கேப்ரியல் ஓக் ஆடு வளர்ப்பவன். தலையில் எண்ணெய் வழிய வாரி, தாயில்லா ஆட்டுக்குட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு பாத்ஷீபாவைக் கேட்கப் போகிறான். அவன் பேச்சில் உணர்ச்சியைவிடப் பொருள்கள் அதிகம்: ஓரிரு ஆண்டில் பியானோ, சந்தைக்குப் போக வண்டி, கோழிகள், வெள்ளரிக்குக் கண்ணாடிப் பெட்டி, செய்தித்தாளில் கல்யாண அறிவிப்பு. அவள் ஒவ்வொன்றாகக் கேட்டு மகிழ்கிறாள். கணவன் என்ற இடம் வந்ததும் மறுத்துவிடுகிறாள். மணப்பெண்ணாக நிற்க ஆசைதான். கூடவே ஒருவன் எப்போதும் இருப்பானே!

இருவரில் நல்ல காதல்மொழி ஓக்குடையதுதான் என்பேன். அவன் சொன்ன எதையும் கையால் தொட்டுப் பார்க்கலாம். ஆனாலும் தோற்றவன் அவன். டோரதியாவுக்குப் புரியாத வாக்கியத்தில் கனவு காண இடமிருந்தது. வெள்ளரிப் பெட்டியில் அது இல்லை.

பின்னொரு அத்தியாயத்தில், பெண்ணின் உணர்ச்சியை ஆண்கள் தமக்காக ஆக்கிய மொழியில் சொல்வது கடினம் என்கிறாள் பாத்ஷீபா. கடைசியில் ஓக் ஊரைவிட்டே போகப் போவதாகத் தெரிந்ததும், இரவில் அவன் குடிசைக்கு நடந்துபோய்க் கதவைத் தட்டுகிறவள் அவள்தான். தானே பெண் கேட்க வந்தது போலிருக்கிறதே என்று சிரித்துக்கொள்கிறாள்.