மிடி: ஒலியை அன்று, அடியைப் பதிவு செய்த வரலாறு



மின்னணு டிரம்ஸ் பயிலும் பிள்ளைகள் இன்று தம் வாசிப்பை வீட்டுக் கணினியிலேயே பதிவு செய்கின்றனர். வாசித்து முடித்த பின்னரும் ஒவ்வொரு டிரம்மின் ஒலியையும் தனித்தனியே மாற்றுகின்றனர். இவ்வசதி எவ்வாறு பிறந்தது என்பதை அறிவது நமக்குப் பயன்தரும்.

முற்காலத்தில் டிரம்ஸ் பதிவுக்குப் பல ஒலிவாங்கிகள் தேவைப்பட்டன. ஒரு டிரம்மின் ஒலி மற்றொன்றின் ஒலிவாங்கியிலும் புகுந்துவிடும். பின்னர் அவற்றை முழுமையாகப் பிரிப்பது அரிது. 1980-இல் லின் எல்எம்-1, ரோலண்ட் டிஆர்-808 ஆகிய தாளக் கருவிகளும், 1981-இல் அறுகோணத் தட்டுகள் கொண்ட சிம்மன்ஸ் எஸ்டிஎஸ்-5 மின்னணு டிரம்ஸும் வெளிவந்தன. ஆயினும், ஒரு நிறுவனத்தின் கருவி மற்றொரு நிறுவனத்தின் கருவியோடு எளிதில் இணையவில்லை.

இக்குறையைப் போக்க, அமெரிக்கரான டேவ் ஸ்மித் 1981-இல் ஒரு பொது இணைப்பு முறையை முன்மொழிந்தார். ரோலண்ட் நிறுவனர் இக்குத்தாரோ காக்கேஹாஷி இம்முயற்சிக்குத் துணைநின்றார். 1983 ஜனவரியில், கலிபோர்னியாவில் நடைபெற்ற நாம் இசைக்கருவிக் கண்காட்சியில், இருவரின் நிறுவனங்களும் தயாரித்த இசைக்கருவிகள் ஒரே கம்பியால் இணைந்து இயங்கின. அம்முறையே மிடி. போட்டியாளர்கள் ஒன்றுகூடி உருவாக்கிய அதனை, உரிமைத்தொகையின்றி எவரும் பயன்படுத்த முடிந்தது. 2013-இல் இருவருக்கும் தொழில்நுட்பத்திற்கான கிராமி விருது வழங்கப்பட்டது.

மிடி ஒலியைச் சேமிப்பதில்லை. எந்த டிரம் அடிக்கப்பட்டது, எவ்வளவு வலுவாக அடிக்கப்பட்டது என்பனவற்றை எண்களாக அனுப்புகிறது. அடித்த நேரத்தைக் கணினி குறித்துக்கொள்கிறது. அடியின் வலு 1 முதல் 127 வரை அளக்கப்படும். 1991-இல் வந்த பொது மிடி வரையறை, டிரம்ஸுக்குப் பத்தாம் தடத்தை ஒதுக்கியது. 36 என்பது காலால் மிதித்து ஒலிக்கும் பெரிய டிரம், 38 என்பது ஸ்னேர். எண்களாக இருப்பதனால்தான் ஸ்னேரின் ஒலியை மட்டும் மாற்றவும், அதன் அளவைக் கூட்டிக் குறைக்கவும், தவறிய ஓர் அடியைத் திருத்தவும் இயலுகிறது.

இங்கேதான் நம் கவனம் தேவை. எல்லா அடிகளையும் தாளக் கட்டத்தில் மிகச் சரியாக நிறுத்தும் வசதி மென்பொருளில் உண்டு. அதனை அளவின்றிப் பயன்படுத்தினால், பிள்ளையின் கை எங்கே முந்தியது, எங்கே பிந்தியது என்பது மறைந்துவிடும். வளர்ச்சியைக் காட்டும் சான்றும் அதனோடு மறையும். ஆகவே, திருத்தாத முதற்பதிவின் மிடி கோப்பை நாளிட்டுத் தனியே சேமித்து வையுங்கள். திருத்தங்களைப் படியெடுத்த கோப்பில் செய்யச் சொல்லுங்கள்.

2020-இல் வெளிவந்த மிடி 2.0, அடியின் வலுவை 65,536 படிகளாகப் பிரிக்க வழிசெய்துள்ளது. அளவுகோல் நுண்மையாகியுள்ளது, அளக்கப்படுவதோ இன்றும் பயிலும் கையின் உழைப்பே.