ஜடாயு வம்சத்துக்கு என்ன ஆச்சு? செல்போன் டவர், பாவிகள், ஒரு வலி ஊசி

இந்த எபிசோடு ஒரு மன்னிப்போட ஆரம்பிக்குது.

சிட்டுக்குருவி பத்தின எபிசோடுல போற போக்குல ஒரு வரி சொல்லியிருந்தேன்: "கழுகெல்லாம் காணாமப் போனதுக்கும் செல்போன் டவர்தான் காரணம்." இதை எங்க படிச்சேன்? எங்கேயும் படிக்கல. 2018-ல் வந்த '2.0' படத்தைப் பார்த்தேன். அக்‌ஷய் குமார் பறவை வேஷத்துல வந்து மிரட்டினது மண்டையில ஒட்டிக்கிச்சு. ஆபீஸ்ல யாராவது டெஸ்ட் பண்ணாம கோடு அனுப்பினா முதல்ல கத்துற ஆளு நான். மைக் முன்னாடி நானே அதைச் செஞ்சிருக்கேன்.

மாட்டிவிட்டது என் பெரியப்பா. அவர் ஊர் திருப்புட்குழி. காஞ்சிபுரத்துல இருந்து வேலூர் பக்கம் போனா பாலுசெட்டிசத்திரம் கிட்ட வரும். 108 திவ்ய தேசங்கள்ல ஒண்ணான விஜயராகவப் பெருமாள் கோயில் அங்கதான் இருக்கு. ராவணன் வெட்டிப்போட்ட ஜடாயுவுக்கு ராமர் ஈமக்கடன் செஞ்ச இடம்னு ஐதீகம். புள்ளுன்னா பறவை, அதனால புள்+குழி, புட்குழி. கோயில் குளத்துக்கே ஜடாயு தீர்த்தம்னு பேரு. வைத்தீஸ்வரன் கோயில்லயும் ஜடாயு குண்டம் இருக்கேன்னு கேட்டா, "அவங்க ஊர்ல அப்படித்தான் சொல்லுவாங்க" என்று பெரியப்பா ஒரே வரியில் முடிச்சிடுவார்.

பொங்கலுக்குப் போனப்ப திண்ணையில உட்கார்ந்து கேட்டார்.

"ஏன்டா, உன் ரேடியோவுல கழுகு செத்ததுக்கு டவர்னு சொன்னியாமே?"

"பாட்காஸ்ட் பெரியப்பா."

"ஏதோ ஒண்ணு. நம்ம ஊருக்கு டவர் எப்ப வந்துச்சு, கழுகு எப்ப போச்சு? செத்த மாட்டை ஏரிப் பக்கம் போட்டா முன்னெல்லாம் மானம் மறைக்க இறங்கும். டவர் வர்றதுக்கு முன்னாடியே அது நின்னுபோச்சு."

இந்தியாவின் முதல் செல்போன் அழைப்பு 1995 ஜூலை 31-ல் நடந்தது. கல்கத்தாவில் இருந்து ஜோதிபாசு டெல்லியில் இருந்த சுக்ராமுடன் பேசினார். அதுக்கப்புறம் பல வருஷம் செல்போன் பெரிய நகரங்களோட சமாச்சாரம். ராஜஸ்தானின் பரத்பூர் பறவைகள் சரணாலயத்துல கழுகுக் கூடுகளை எண்ணிட்டு இருந்த விபு பிரகாஷ் 1990-களின் நடுவுலயே சரிவைக் கவனிச்சுட்டார். காரணம் விளைவுக்கு முன்னாடி வரணும். அந்த முதல் சோதனையிலேயே என் டவர் விழுந்துடுச்சு.

"ஆனா டவரும் கூடுச்சு, கழுகும் குறைஞ்சதே"ன்னு இன்னும் சிலர் கேக்கலாம். 1993-ல் சன் டிவி வந்தது, அதுக்கப்புறமும் கழுகு குறைஞ்சதுதான். அதுக்காக சித்தி சீரியல் மேல கேஸ் போட முடியுமா? 90-கள்ல நம்ம நாட்டுல எல்லாமே ஏறிட்டுதான் இருந்தது. ஏறுற எந்தக் கோட்டையும் இறங்குற எந்தக் கோட்டோடயும் பக்கத்துல வரையலாம்.

சரி, டவர் இல்லன்னா வேற என்ன? இதுக்கு இன்னொரு பழைய பதிலும் உண்டு. அது திருப்புட்குழியில இருந்து அறுபது கிலோமீட்டர் சொச்சம் தள்ளி, திருக்கழுக்குன்றத்துல இருக்கு.

தினமும் உச்சிவேளைக்கு மலைமேல ரெண்டு கழுகு வரும், பண்டாரம் கையால சர்க்கரைப் பொங்கல் சாப்பிடும். சாபம் பெற்ற எட்டு முனிவர்கள்ல யுகத்துக்கு ரெண்டு பேர், இது கலியுகத்து ஜோடி என்பது தலபுராணம். காலையில காசியில குளியல், மதியம் இங்க சாப்பாடு, ராத்திரி ராமேஸ்வரத்துல தூக்கம்னு ஊருக்குள்ள ஒரு டைம்டேபிளும் உண்டு. கணக்குப் போட்டேன். காசிக்கும் திருக்கழுக்குன்றத்துக்கும் நேர்கோட்டுல சுமார் 1,450 கிலோமீட்டர். ஆறு மணிக்குக் குளிச்சு பன்னிரண்டுக்குப் பந்தியில உட்காரணும்னா மணிக்கு 240 கிலோமீட்டர் வேகம் வேணும். இந்த இனம் வலசை போறப்ப ஒரு நாள் முழுக்கப் பறந்தாலே 500 கிலோமீட்டர் கிட்டதான் போகும்.

பெரியப்பா அசரல. "நான் போன அன்னிக்கு அது வரவே இல்லடா. கல்யாணம் ஆன புதுசு. கூட்டத்துல பாவி யாரோ இருக்கான், அதான் வரலன்னு சொன்னாங்க. உங்க பெரியம்மா திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தா பாரு."

இந்த விளக்கத்தை எந்தச் சோதனையாலும் தோற்கடிக்க முடியாது, கவனிச்சீங்களா? கழுகு வந்தா எல்லாரும் புண்ணியவான். வரலன்னா யாரோ பாவி. எது நடந்தாலும் சரியா இருக்கிற விளக்கத்தை வச்சு எதையும் கண்டுபிடிக்க முடியாது. பெரியம்மாவுக்கு மட்டும் உபயோகப்பட்டது.

ஆனா பறவைகள் வந்தது நிஜம். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியின் புள்ளியியல் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி 1977-ல் பறவை ஆர்வலர்களுக்கான ஒரு இதழில் இந்த ஜோடியைப் பத்தி எழுதியிருக்கார். நாம கழுகுன்னு சொல்ற அது உண்மையில பிணந்தின்னி வகை. தமிழ்ல அதுக்கு 'பாறு' என்று தனியாவே ஒரு பழைய சொல் இருக்கு. மலைக்கு வந்தது மஞ்சள்முகப் பாறு. சமஸ்கிருத ராமாயணமும் ஜடாயுவை 'கிருத்ரம்', அதாவது பாறு என்றுதான் சொல்லுது. 1990-களின் பிற்பகுதியோட அந்த ஜோடி வர்றது நின்னுபோச்சு.

அதே பத்து வருஷத்துல நாடு முழுக்க நடந்தது பயங்கரம். 1992-க்கும் 2007-க்கும் நடுவுல வெண்முதுகுப் பாறு 99.9 சதவீதம் குறைஞ்சது. ஆயிரத்துல ஒண்ணு மிச்சம். விஞ்ஞானிகளோட முதல் சந்தேகம் தொற்றுநோய் மேல. இவ்வளவு வேகமா பரவுதுன்னா வைரஸா இருக்கலாம்னு கெட்டிக்காரங்களே நினைச்சாங்க. நானும் அந்த இடத்துல இருந்திருந்தா அதைத்தான் சொல்லியிருப்பேன். அவங்களுக்கும் எனக்கும் வித்தியாசம், அவங்க அதோட நிறுத்தல.

பாகிஸ்தான் பஞ்சாப்ல லிண்ட்சே ஓக்ஸ் என்ற கால்நடை நோயியல் நிபுணரோட குழு, செத்த பாறுகளை அறுத்துப் பார்த்தது. பெரும்பாலானதுல உள்ளுறுப்பு மேல சுண்ணாம்பு பூசின மாதிரி யூரிக் அமிலம் படிஞ்சிருந்தது. சிறுநீரகம் செயலிழந்திருக்குன்னு அர்த்தம். வைரஸ் தேடினாங்க, இல்ல. பூச்சிமருந்து தேடினாங்க, இல்ல. உலோக நஞ்சு தேடினாங்க, அதுவும் காரணம் இல்ல. அப்புறம் கேள்வியை மாத்தினாங்க. பாறு சாப்பிடுறது செத்த மாடு. அப்போ அந்த மாட்டுக்குச் சாகுறதுக்கு முன்னாடி என்ன கொடுத்தாங்க? கால்நடை டாக்டர்கள்கிட்டயும் மருந்துக் கடைகள்லயும் விசாரிச்சாங்க. நம்ம பாஷையில சொன்னா, சர்வரை முறைச்சுப் பார்க்கிறதை விட்டுட்டு இன்புட்டைப் பார்த்தாங்க.

கிடைச்ச பேரு டைக்ளோஃபெனாக். நம்ம முட்டிவலிக்குப் போடுற அதே வலி மருந்து. மாட்டுக்கும் காய்ச்சல், வீக்கம்னா அந்த ஊசிதான்.

இனிமே வர்றதுதான் எனக்குப் பிடிச்ச பகுதி. சிறுநீரகம் கெட்டுச் செத்த 25 பாறுகளைச் சோதிச்சாங்க, 25-லயும் அந்த மருந்து இருந்தது. வேற காரணத்தால செத்த 13 பாறுகளையும் சோதிச்சாங்க, ஒண்ணுலகூட இல்ல. முதல் எண்ணை மட்டும் வச்சு ஒரு தலைப்புச் செய்தி எழுதிடலாம். ஆனா அந்த 13 இல்லன்னா, "அந்த ஊர்ல எல்லாப் பறவையிலயும் அந்த மருந்து இருந்திருக்கும்"னு ஒருத்தர் கேட்டா பதில் கிடையாது. அந்த 13-தான் ஆராய்ச்சி. அதோட விடாம, ஊசி போட்ட மாட்டு இறைச்சியைப் பாறுகளுக்குக் கொடுத்துப் பார்த்தாங்க. அதே மாதிரி சிறுநீரகம் கெட்டுச் செத்தது. 2004-ல் 'நேச்சர்' இதழில் வெளியானது.

இதையெல்லாம் திண்ணையில சொல்லி முடிச்சப்ப பெரியப்பா கொஞ்ச நேரம் பேசல.

"அந்த ஊசி நானும் போட்டிருக்கேன்டா. செவலைக்கு. மறுநாள் செத்துப்போச்சு. ஏரிப் பக்கம்தான் போட்டோம்."

எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. ஜடாயுவுக்குக் கொள்ளி வச்சதா சொல்ற ஊர்ல இருக்கிற மனுஷன். அவர் எதைக் கேக்குறார்னு புரிஞ்சது.

"எல்லாரும் எல்லா மாட்டுக்குமா போட்டோம்? எப்பவோ ஒண்ணு ரெண்டு. அதுக்கு இத்தனையா சாகும்?" என்றார்.

நல்ல கேள்வி. விஞ்ஞானிகளும் இதே சந்தேகத்தைக் கிளப்பினாங்க. ரைஸ் கிரீன் என்பவரோட குழு 2004-ல் கணக்குப் போட்டது. பாறு வருஷத்துக்கு ஒரே முட்டை இடும், ஒரே பிணத்துல டஜன் கணக்கா கூடி சாப்பிடும். அதனால 130-லிருந்து 760 பிணத்துக்கு ஒண்ணுல அந்த நஞ்சு இருந்தாலே போதும், நடந்த அழிவு முழுசும் நடந்திருக்கும். நூத்துல ஒண்ணுகூட வேண்டாம்.

"அப்போ என் செவலையும் ஒண்ணா இருக்கலாம்."

"இருக்கலாம் பெரியப்பா. ஆனா 760-ல ஒண்ணுங்கிறது எந்த ஒரு ஊர்ல இருந்து பார்த்தாலும் கண்ணுக்குத் தெரியாது. எண்ணிப் பார்த்தவங்களுக்கு மட்டும்தான் தெரிஞ்சது."

இல்லவே இல்லன்னு சொல்லி ஆறுதல் பண்ணியிருக்கலாம். ஆனா அவர் டவர் விஷயத்துல என்னை விடல, நானும் அவரை அப்படி ஏமாத்தக்கூடாது.

இப்போ என் பக்கத்து நியாயம். "திருக்கழுக்குன்றத்து ஜோடியைக் கொன்னது டைக்ளோஃபெனாக்"னு இந்த எபிசோடுக்குத் தலைப்பு வைக்க ரொம்ப ஆசையா இருந்தது. வைக்க முடியாது. ஓக்ஸ் சோதிச்சது வெண்முதுகுப் பாறு, மலைக்கு வந்தது மஞ்சள்முகப் பாறு. வேற பேரினம். அதுவும் அதே காலத்துல இந்தியாவுல வேகமா குறைஞ்சது, 2007-ல் உலக அளவுல அழியும் ஆபத்துப் பட்டியலுக்குப் போச்சு. மருந்து மேல பலமான சந்தேகம் உண்டு. ஆனா அந்த ரெண்டு பறவையை யாரும் அறுத்துப் பார்க்கல. சந்தேகப்படலாம், தீர்ப்பு எழுதக் கூடாது.

2024-ல் வந்த இன்னொரு செய்தியும் பார்த்திருப்பீங்க: "கழுகு அழிந்ததால் 5 லட்சம் பேர் பலி." இயல் ஃபிராங்க், அனந்த் சுதர்சன் என்ற ரெண்டு பொருளாதார அறிஞர்களோட ஆய்வு அது. பாறுகள் வாழ ஏத்த மாவட்டங்களையும் மத்த மாவட்டங்களையும் மருந்து மலிவானதுக்கு முன்னாடியும் பின்னாடியும் ஒப்பிட்டாங்க. பாறு இருந்த பக்கம் மட்டும் மனிதச் சாவு விகிதம் 4 சதவீதத்துக்கு மேல ஏறியிருந்தது. பிணம் அழுகுது, தண்ணி கெடுது, நாய் பெருகுது என்பது அவங்க விளக்கம். ஒப்பிட ஒரு குழு இருக்கு, அதனால என் டவரைவிட ஆயிரம் மடங்கு மேல். ஆனா 5 லட்சம் என்பது 2000 முதல் 2005 வரைக்குமான மதிப்பீடு, தலை எண்ணிக்கை இல்ல. ஃபார்வர்டு பண்றப்ப அந்த வித்தியாசம் காணாமப் போயிடுது.

நல்ல ஆராய்ச்சியோட பலன் என்னன்னா, அதை வச்சு வேலை செய்யலாம். பாறுகளுக்கு மெலாக்சிகாம் பாதுகாப்பானதுன்னு 2006-ல் சோதிச்சுக் காட்டினாங்க. அதே வருஷம் மாட்டுக்கான டைக்ளோஃபெனாக்குக்கு இந்தியா தடை போட்டது. மனுஷங்களுக்கான பெரிய பாட்டிலை வாங்கி மாட்டுக்குப் போட்டாங்க. 2015-ல் அதையும் 3 மில்லியா குறைச்சாங்க. கம்பெனிகள் வழக்குப் போட, 2017-ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தக் கட்டுப்பாட்டை உறுதி செஞ்சது. 2023-ல் கீட்டோப்ரோஃபென், அசிக்ளோஃபெனாக் ரெண்டுக்கும் தடை வந்தது. நீலகிரி அடிவாரத்து மாயாறு பள்ளத்தாக்குல இன்னும் பாறுகள் கூடு கட்டுது. டவரைத் திட்டிட்டே இருந்திருந்தா இதுல ஒண்ணும் நடந்திருக்காது. தப்பான காரணத்தோட நஷ்டம் அதுதான்.

போன மாசம் பெரியப்பா போன் பண்ணார். கன்னுக்குட்டிக்குக் கால் வீங்கிடுச்சாம், டாக்டர் வந்திருக்கார்.

"அந்த நல்ல மருந்து பேரு என்னடா?"

"மெலாக்சிகாம் பெரியப்பா."

அந்தப் பக்கம் டாக்டர்கிட்ட அவர் கேக்குறது கேட்டுது: "சார், அந்த பாட்டிலைக் கொஞ்சம் காட்டுங்க."

நானும் இனிமே பாட்டிலைக் காட்டிட்டுத்தான் பேசுவேன். சிட்டுக்குருவி எபிசோடுல அந்த வரியை வெட்டிட்டேன், ஏன் வெட்டினேன்னும் சொல்லியிருக்கேன். இதுலயும் தப்பு இருந்தா, எனக்கு முன்னாடி என் பெரியப்பா கண்டுபிடிக்கிறதுக்குள்ள எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.