ஸ்டெப்னியிலிருந்து ஸ்கேனர் வரை: இந்தியாவில் கார்ப் பராமரிப்பு அறிவு யார் கையில் இருந்தது?

வண்டியை எடுக்குமுன் ஆயில் அளவைப் பார்க்க வேண்டும், ரேடியேட்டரில் நீர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், டயர்களில் காற்றைச் சரிபார்க்க வேண்டும், பேட்டரிக்கு வடிநீர் ஊற்ற வேண்டும். இந்தியாவில் கார் ஓட்டக் கற்ற இரண்டு தலைமுறையினர் இவற்றை மனப்பாடமாக அறிவர். காலத்துக்குக் கட்டுப்படாத பொறியியல் விதிகள் போல இவை தோன்றும். வரலாற்றில் வைத்துப் பார்த்தாலோ, இந்த அறிவுரைகளில் எது எப்போது வலியுறுத்தப்பட்டது என்பதை அந்தந்தக் காலத்தின் பற்றாக்குறையே முடிவுசெய்திருக்கிறது. ஒரு காலத்தில் உதிரிபாகம் அரிது, பிறகு அந்நியச் செலாவணி அரிது, அதன்பின் மாநகரங்களில் தூய காற்று அரிது. எதைப் பேண வேண்டும் என்பதைப் பாதி இயந்திரமும் பாதி பொருளாதாரமும் தீர்மானித்தன. யார் பேண வேண்டும் என்பது தொடக்கம் முதலே சமூகம் சார்ந்த வினா.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தியாவுக்கு வந்த மோட்டார் கார், சம்பள ஓட்டுநர் ஒருவரையும் உடன் வேண்டியது. கையேடு ஆங்கிலத்தில் இருந்தது. அதைப் படிக்கத் தெரிந்தவர் பின்னிருக்கையில் அமர்ந்திருந்தார், எண்ணெயில் கையை நனைத்தவர் பெரும்பாலும் அதைப் படிக்காதவர். ஆகவே பராமரிப்பு அறிவு நூல்வழியாக அன்றி, கைவழியாகவும் செவிவழியாகவும் பரவியது. அதன் தடயம் மொழியிலேயே எஞ்சியிருக்கிறது. லாரியில் ஓட்டுநருக்கு உதவியாளராகச் சென்று, துடைத்து, கிரீஸ் அடித்து, டயர் மாற்றித் தொழில் கற்பவருக்கு இந்தியா முழுவதும் ‘கிளீனர்’ என்றே பெயர். பராமரிப்பே ஒரு மனிதரின் பதவிப்பெயராக நிலைத்துவிட்டது. மாற்றுச் சக்கரத்தை நாம் ‘ஸ்டெப்னி’ என்பதும் அக்காலத்து எச்சமே. வேல்ஸ் நாட்டின் லானெத்லி நகரில், ஸ்டெப்னி தெருவின் பெயரைச் சூடிய நிறுவனம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விற்ற மாற்றுச் சக்கரத்தின் வணிகப்பெயர் அது. பிரித்தானியரின் அன்றாடப் பேச்சிலிருந்து அச்சொல் மறைந்து நெடுங்காலம் ஆயிற்று. ஆணியும் லாடமும் சிதறிய சாலைகளில் பஞ்சர் அன்றாட நிகழ்வாக இருந்த இந்தியாவில் அது உயிரோடு இருக்கிறது.

விடுதலைக்குப் பின் நிலைமை மாறியது. பம்பாயின் செவ்ரியில் 1928 முதல் கார்களைப் பூட்டிவந்த ஜெனரல் மோட்டார்ஸும் அதன் போட்டியாளரான ஃபோர்டும், 1953ஆம் ஆண்டு சுங்கவரி ஆணையப் பரிந்துரையை ஒட்டி அரசு எடுத்த முடிவால் வெளியேறின. உள்நாட்டிலேயே உற்பத்தி செய்யும் திட்டம் உடையவர்களுக்கு மட்டுமே அனுமதி என்பது அம்முடிவின் சாரம். கார்ச் சந்தை மூன்று நிறுவனங்களின் கைக்குள் அடங்கியது: உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாய் குர்லாவில் பிரீமியர், சென்னையில் ஸ்டாண்டர்டு. 1980களின் தொடக்கத்தில்கூட நாட்டின் மொத்தக் கார் உற்பத்தி ஆண்டுக்கு ஐம்பதாயிரத்தை எட்டவில்லை. பணம் கட்டியவர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர். கிடைத்த காரை இருபது, முப்பது ஆண்டுகள் ஓட்டியாக வேண்டும் என்பது தெரிவன்று, கட்டாயம்.

மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையின் வழிவந்த அம்பாசடர் இந்தக் கட்டாயத்துக்கு வாய்ப்பான வண்டி. 1489 சிசி பெட்ரோல் எஞ்சின், வார்ப்பிரும்பு சிலிண்டர் ஹெட், ஒரே எஸ்.யு. கார்புரேட்டர். பானட்டைத் திறந்தால் எஞ்சினைச் சுற்றிலும் கை நுழைய இடம். ஆனால் அது ஓயாத கவனிப்பைக் கேட்டது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருந்த கான்டாக்ட் பாயின்ட் ஒவ்வொரு தீப்பொறிக்கும் ஒருமுறை திறந்து மூடும். அதன் முகங்கள் கருகிக் குழிவிழும், நெம்பின் அடிப்பகுதி தேயும், அரை மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளி மேலும் குறுகும். உடனே காலையில் வண்டி கிளம்ப மறுக்கும், மேட்டில் திணறும். எமரித் தாளால் முகத்தைத் தேய்த்து, ஃபீலர் கேஜை நுழைத்து இடைவெளியைச் சரிசெய்வது ஒவ்வொரு ஓட்டுநரும் அறிந்திருக்க வேண்டிய வேலையாக இருந்தது. பெட்ரோலில் ஈயம் கலந்திருந்ததால் பிளக்கில் படிவு சேரும், அதைச் சுரண்ட வேண்டும். கிரீஸ் நிப்பிள்களுக்கு முறைப்படி கிரீஸ் ஏற்ற வேண்டும். குளிர்நாட்டில் வரையப்பட்ட எஞ்சின் மலைப்பாதையில் கொதிக்கும் என்பதால் நீர்க்குடுவை இன்றிப் பயணமில்லை. ஹாரனைத் தவிர மற்ற எல்லாமே ஒலிக்கும் என்னும் பழைய கேலியில் ஒரு தொழில்நுட்ப உண்மை பொதிந்திருந்தது. ஒலியே நோய்க்குறி. வால்வு தட்டுவதையும் டைமிங் சங்கிலி தளர்ந்து சலசலப்பதையும் கேட்டே பழுதைச் சொல்லும் செவி, அக்காலத்து மெக்கானிக்கின் முதன்மைக் கருவி.

அந்தச் செவி எப்படி உருவானது? 1950இல் தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டமும் 1961ஆம் ஆண்டின் பயிற்சியாளர் சட்டமும் தொழிற்பயிற்சி நிலையங்கள் வழியே மோட்டார் மெக்கானிக்குகளை உருவாக்கின. ஆயினும் பெரும்பாலோர் கற்றது சாலையோரத்தில், வட இந்தியாவில் உஸ்தாத் என்றும் பிற இடங்களில் மிஸ்திரி என்றும் அழைக்கப்பட்ட மூத்தவரிடம். டெல்லியின் காஷ்மீரி கேட், கல்கத்தாவின் மல்லிக் பஜார், சென்னையின் புதுப்பேட்டை ஆகிய சந்தைகள் அவர்களுடைய நூலகங்கள். புது உதிரிபாகம் கிடைக்காதபோது பழையதைக் கடைசலில் ஏற்றிப் பொருத்தினர், ஒரு வண்டியின் உறுப்பை மற்றொன்றுக்கு இசைவித்தனர். இதை ‘ஜுகாட்’ என்று கொண்டாடும் எழுத்துகள் அண்மைக்காலத்தில் பெருகிவிட்டன. அந்தக் கொண்டாட்டம் ஒன்றை மறைக்கிறது. அந்தக் கல்விக்கான கட்டணத்தைப் பல இடங்களில் பத்து, பன்னிரண்டு வயதுச் சிறுவர்கள் தம் பள்ளிப் பருவத்தால் செலுத்தினர். வாகனப் பழுதுபார்ப்பு, குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் அபாயத் தொழில்கள் பட்டியலில் பின்னர் சேர்க்கப்பட்டது காரணமின்றி அன்று.

1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடி பராமரிப்பு அறிவுரைக்குப் புதிய ஆசிரியரைத் தந்தது: அரசு. கச்சா எண்ணெயின் விலை சில மாதங்களில் ஏறத்தாழ நான்கு மடங்காக, இறக்குமதிச் செலவு நாட்டின் செலாவணிக் கையிருப்பை அரித்தது. 1978இல் பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிச் சங்கம் நிறுவப்பட்டது. டயரில் காற்றுக் குறைந்தால் உருள்தடை கூடி எரிபொருள் வீணாகும், காற்று வடிகட்டி அடைத்தால் கலவை கெடும், மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகமே சிக்கனம், சிவப்பு விளக்கில் எஞ்சினை நிறுத்துக என்று அச்சங்கம் பல்லாண்டுகள் பரப்புரை செய்தது. அதுவரை வண்டியின் ஆயுளுக்காகச் செய்த அதே வேலைகள் இப்போது நாட்டுக் கடமையாயின. காற்று பிடிப்பவரும் பிளக் துடைப்பவரும் அதே மனிதர்தாம், அறிவுரையின் முகவரி மட்டுமே உரிமையாளருக்கு மாறியது.

1983 டிசம்பரில் வந்த மாருதி 800 இந்த உறவைக் கலைத்தது. 796 சிசி கொண்ட மூன்று சிலிண்டர் எஞ்சின். சம்பள ஓட்டுநர் இல்லாமல் தாமே ஓட்டும் நடுத்தரக் குடும்பமே அதன் வாடிக்கையாளர். பல நகரங்களில் பெண்கள் பெருமளவில் ஓட்டத் தொடங்கியதும் இந்தச் சிறு வண்டியில்தான். அது குறைவாகவே கவனிப்பைக் கேட்டது, ஆனால் கேட்ட கவனிப்பு வேறு வகை. அம்பாசடரின் வார்ப்பிரும்பு, கிணற்று நீரையும் குழாய் நீரையும் ஒருவாறு தாங்கியது. அலுமினிய சிலிண்டர் ஹெட்டுக்கு அந்நீர் அரிப்பைத் தரும், ஒருமுறை கொதித்தாலும் ஹெட் வளைந்துவிடக்கூடும். எனவே பச்சைத் தண்ணீரின் இடத்தைக் கூலன்ட் பிடித்தது. டைமிங் சங்கிலி இருந்த இடத்தில் ரப்பர் பெல்ட் வந்தது. சங்கிலி தேய்ந்தால் சலசலத்து எச்சரிக்கும், பெல்ட் பெரும்பாலும் ஓசையின்றி அறுந்துபோகும். செவியை நம்பிய அறிவு இங்கே தோற்றது, கிலோமீட்டர்க் கணக்கை நம்பும் அறிவு அவ்விடத்தைப் பிடித்தது. அக்கணக்கை வைத்திருந்தது நிறுவனத்தின் சர்வீஸ் புத்தகம். அங்கீகரிக்கப்பட்ட பணிமனை என்னும் இடம் நடுத்தர வர்க்க வாழ்வில் இடம்பெற்றது இப்படித்தான்.

அடுத்த மாற்றம் புகைபோக்கி வழியே வந்தது. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் புகைச் சான்றிதழுக்கு வழிவகுத்தன. 1995இல் நான்கு மாநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு வினையூக்கி மாற்றி கட்டாயமானது. ஈயம் அதை நஞ்சாக்கும் என்பதால் ஈயமற்ற பெட்ரோலும் உடன் வந்தது, 2000 பிப்ரவரியில் ஈயம் நாடு முழுவதும் விலக்கப்பட்டது. கடுமையான நெறிகளைக் கார்புரேட்டரால் நிறைவேற்ற இயலவில்லை. சென்சார்களும் கணினியும் ஆளும் எரிபொருள் தெளிப்பு முறை வந்ததும், திருகைத் திருப்பிக் கலவையைச் சரிசெய்யும் கலைக்கு வேலையில்லாமல் போயிற்று. 2010 முதல் படிப்படியாகக் கட்டாயமான வாகனத் தன்கண்டறி அமைப்பு, பழுதைக் குறியீட்டு எண்ணாகச் சேமித்து, முகப்பில் ஒரு மஞ்சள் விளக்கை எரியவிட்டது. நுரையீரல்களுக்கு இது நன்மை, ஐயமில்லை. அறிவின் உரிமையைப் பொறுத்தவரை விளைவு வேறு. எண்ணைப் படிக்கும் ஸ்கேனர் யாரிடம் உள்ளதோ அவரே மெக்கானிக் என்றாயிற்று.

இது வெறும் ஏக்கப் புலம்பல் அன்று என்பதற்கு ஆவணச் சான்று உண்டு. தனிப் பணிமனைகளுக்கு அசல் உதிரிபாகங்களும் கண்டறி கருவிகளும் மறுக்கப்படுகின்றன என்ற முறையீட்டின் மேல், இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் 2,544 கோடி ரூபாய் தண்டம் விதித்தது. பாதுகாப்பு, அறிவுசார் சொத்துரிமை, பயிற்சியற்ற மெக்கானிக்குகளால் வரும் ஆபத்து என்று நிறுவனங்கள் வாதிட்டன. ஆணையம் அதை ஏற்காமல், பாகங்களும் கருவிகளும் வெளிச்சந்தையில் கிடைக்க வழிசெய்யுமாறு ஆணையிட்டது. மேல்முறையீடுகள் நெடுங்காலம் நீண்டன. 2022 ஜூலையில் நுகர்வோர் நலத்துறை, ‘பழுதுபார்க்கும் உரிமை’க்கான குழுவை அமைத்தபோது, கைப்பேசி, வேளாண் கருவி, வீட்டு உபயோகப் பொருள் ஆகியவற்றோடு வாகனமும் அதன் வரம்புக்குள் வந்தது.

இன்றும் உரிமையாளர் கையில் எஞ்சியிருப்பவை உண்டு: டயர் காற்று, ஆயில் அளவு, கூலன்ட், பிரேக் திரவம், பேட்டரி முனைகளில் பூக்கும் வெண்படிவு. ஆனால் பழைய அறிவுரைகளில் சில தலைகீழாகிவிட்டன. 2020க்குப் பிந்தைய டீசல் கார்களில் கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி, புகைவெப்பம் உயர்ந்தால்தான் தன்னைத்தானே எரித்துத் தூய்மையாக்கிக்கொள்ளும். நகருக்குள் மெல்ல ஓடும் வண்டியில் அது அடைத்துக்கொள்கிறது. அவ்வப்போது நெடுஞ்சாலையில் சற்று விரைவாக ஓட்டுக என்கிறது இன்றைய கையேடு. எண்ணெய்ச் சிக்கனப் பரப்புரையைக் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு இது தலைகீழ்ப் பாடம். டியூபற்ற டயர், காற்றழுத்தக் கண்காணிப்பு, பஞ்சர் ஒட்டும் கருவி ஆகியவை இருந்தால் மாற்றுச் சக்கரம் தேவையில்லை என்று 2020இல் விதியும் திருத்தப்பட்டது. சாலையோரப் பணிமனைகளும் சும்மா இருக்கவில்லை. மலிவான ஸ்கேனர் ஒன்றும் கைப்பேசிச் செயலி ஒன்றும் இன்று பல கடைகளில் ஸ்பானர்களுக்கு அருகே கிடக்கின்றன. பொதுக் குறியீடுகளை அவை படித்துச் சொல்லும். நிறுவனம் தனக்கென ஒதுக்கிய குறியீடுகளிலும், புதுப் பாகத்தைக் கணினியோடு இணைக்கும் கடவுச்சொல்லிலும் அவை நின்றுவிடுகின்றன. அந்த இடத்துக்கு வந்ததும் வண்டி அங்கீகரிக்கப்பட்ட பணிமனைக்கு இழுத்துச் செல்லப்படுகிறது.