வேடந்தாங்கல்: கவுலும் மின்னஞ்சலும்

மதுராந்தகத்திற்கு வருவோர் பெரும்பாலும் ஏரி காத்த இராமரைப் பற்றியே கேட்பர். 18ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் இச்சீமையின் கலெக்டராயிருந்த லயனல் பிளேஸ் துரை, அடைமழை இரவொன்றில் இராமனும் இலக்குவனும் வில்லேந்தி ஏரிக்கரையைக் காத்து நிற்கக் கண்டார் என்பது ஊர் வழக்கு. அக்கதையை ஆராய நாம் புகவில்லை. அதே கலெக்டர், அதே காலத்தில், அருகிலிருந்த மற்றோர் ஏரிக்காக வழங்கிய ஓர் ஆணையே நம் பொருள்.

அந்த ஏரி வேடந்தாங்கல். ஏறத்தாழ 30 ஹெக்டேர் பரப்பு; நீருக்குள் நிற்கும் கடப்ப மரங்களில் நத்தைக்குத்தி நாரையும் நீர்க்காகமும் கரண்டிவாயனும் கூடு கட்டும். அவற்றின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதை உழவர்கள் தலைமுறைகளாக அறிந்திருந்தனர். ஆதலால் வெள்ளைச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஊரார் கலெக்டரிடம் முறையிட்டனர். 1798இல் பிளேஸ், பறவைகளைக் காக்கும் உரிமையை ஊராருக்கு ஒப்புக்கொடுத்துக் கவுல் வழங்கினார். 1858இல் அது புதுப்பிக்கப்பட்டது. வேடர் தங்கிய இடம் என்று பொருள் சொல்லப்படும் ஊரே வேட்டையைத் தடுத்தது என்பது சுவையான முரண்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அன்று முறையிட்டவர்களுக்கு ஏரி தெரியும். யாரிடம் போவது என்பதும் தெரியும். இடையில் நிற்கும் தொலைவை நடந்தே கடந்தனர்.

பின்வந்த நூற்றாண்டுகளில் அத்தொலைவு வேறு வகையில் நீண்டது. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1998இல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் ஆரமுள்ள நிலப்பரப்பு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. கோப்புகள் சென்னைக்கும் தில்லிக்கும் நகர்ந்தன. பள்ளிகளிலோ தேசியப் பசுமைப் படை தொடங்கப்பட்டது. ஆண்டுதோறும் சூன் 5 அன்று மாணவர் பூமிப்பந்துக்குக் குடை பிடிக்கும் ஓவியம் வரைந்தனர். (அந்த ஓவியங்களில் நம் ஊர் ஏரியை நாம் கண்டதில்லை.) 2011 முதல் அரசுப் பள்ளி மாணவர் கைக்கு விலையில்லா மடிக்கணினி வந்தது. எனினும் அதைக் கொண்டு அரசுக்கு ஒரு மனு எழுதலாம் என்று எந்தப் பாடமும் சொல்லவில்லை.

2020இல் நிலைமை திடீரென மாறிற்று. பெருந்தொற்றால் மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. அவ்வாண்டில்தான் இரு செய்திகள் அடுத்தடுத்து வந்தன. சரணாலயத்தின் ஆரத்தை 5 கிலோமீட்டரிலிருந்து 3 ஆகக் குறைக்கும் முன்மொழிவு ஒன்று. நாடு முழுமைக்குமான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு மற்றொன்று. சில திட்டங்களுக்கு மக்கள் கருத்துக் கேட்பையே விலக்கவும், மற்றவற்றுக்கு அதற்கான அறிவிப்புக் காலத்தை 30 நாளிலிருந்து 20 ஆகக் குறைக்கவும் அவ்வரைவு வழி செய்தது. வீதியில் கூடுவதற்கில்லை, எஞ்சியது இணையம். 2018 ஆகஸ்டில் ஸ்டாக்ஹோம் பாராளுமன்றத்தின் முன் தனியே அமர்ந்த பள்ளிச் சிறுமி கிரேட்டா துன்பர்க்கின் படம் உலகைச் சுற்றியதும் இணையத்தின் வழியேதான். அவ்வியக்கத்தின் இந்தியக் கிளையான மாணவர் குழு மின்னஞ்சல் இயக்கத்தை முன்னெடுத்தது. லட்சக்கணக்கான மடல்கள் அமைச்சகத்தை அடைந்தன. 2020 சூலையில் அக்குழுவின் தளம் முடக்கப்பட்டது. கடுஞ்சட்டமான ஊபாவைச் சுட்டி வந்த காவல்துறை அறிவிக்கை, தவறுதலாக அனுப்பப்பட்டதென்று பின்னர் விலக்கிக்கொள்ளப்பட்டது. மனு எழுதுவது 1798இல் இத்தனை ஆபத்தானதாக இருந்ததாகத் தெரியவில்லை.

வரைவு ஆங்கிலத்திலும் இந்தியிலுமே இருந்தது. சூன் 30 அன்று தில்லி உயர்நீதிமன்றம், அதை எட்டாம் அட்டவணையின் 22 மொழிகளிலும் வெளியிடுமாறு பணித்தது. கருத்துரைக்கும் கெடுவையும் ஆகஸ்ட் 11 வரை நீட்டித்தது. இணையப் பரப்புரையைப் புகழ்வோர் அதிகம் பேசாத தீர்ப்பு இது. நம் கருத்தில், அந்த ஆண்டின் மெய்யான வெற்றி மடல்களின் எண்ணிக்கையைவிட இதுவே. படிக்கவே முடியாத ஒன்றை எதிர்க்கச் சொல்லி ஒரு தமிழ்வழி மாணவரிடம் ஆயத்த ஆங்கில மடலைக் கொடுப்பது, கைநாட்டு வாங்குவதற்கு ஒப்பாகும்.

வேடந்தாங்கல் முன்மொழிவு பின்னர் திரும்பப் பெறப்பட்டது. 2022இல் ஏரி ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. இதற்கு மடல்கள் மட்டுமே காரணம் என்று நாம் சொல்லமாட்டோம். பறவையியலாளரும் கிராமத்தாரும் தத்தம் இடத்திலிருந்து பேசினர்.

இதைவிட அமைதியான வேலை ஒன்று 2015 முதல் நடந்துவருகிறது. பொங்கல் நான்கு நாள்களும், குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் நின்று கண்ட பறவைகளை எண்ணி, இ-பேர்ட் தளத்தில் பதியும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு அது. பள்ளி மாணவரும் பங்கேற்கலாம். நாளையொரு கோப்பில் 'இங்கே பறவை இல்லை' என்று எழுதப்படுமாயின், அதை மறுக்க முழக்கம் உதவாது. நாளும் இடமும் எண்ணிக்கையும் கொண்ட ஒரு பதிவு உதவும். பழைய உழவர் தம் வயலில் கண்டுவைத்திருந்த சான்றுக்கு இது ஈடாகும்.

2020இன் அந்தக் கோடையில் நாம் கைப்பேசி வழியே வகுப்பெடுத்துக்கொண்டிருந்தோம். அண்ணனும் தங்கையும் ஒரே கருவியை முறைவைத்துப் பயன்படுத்திய வீடுகள் பல. ஒருநாள் இலக்கணப் பாடத்தின் நடுவே மாணவி ஒருவர் கேட்டார்: "ஐயா, தமிழில் எழுதி அனுப்பினால் படிப்பார்களா?" படிப்பார்கள் என்று உறுதி சொல்ல நமக்கு நா எழவில்லை. "எழுதுங்கள், அம்மா. பிழை திருத்தித் தருகிறோம்" என்றோம். மறுநாள் வந்த மடலில் திருத்துவதற்கு ஓர் ஒற்றுப்பிழையே இருந்தது. தம் வீட்டுக்குப் பின்னாலுள்ள தாங்கலில் அவ்வாண்டு எத்தனை நாரைகள் இறங்கின என்பதிலிருந்து அவர் தொடங்கியிருந்தார்.