நாத்தனார் இருவர் கண்ட அமைதி

1525இல் பவியாப் போரில் பிரெஞ்சு மன்னன் முதலாம் பிரான்சிசு, பேரரசன் ஐந்தாம் சார்லசின் படையிடம் சிறைப்பட்டான். மறு ஆண்டு தன் புதல்வர் இருவரைப் பிணையாக விடுத்து மீண்டவன், அளித்த வாக்கை மறுத்தான், போர் தொடர்ந்தது.

மன்னர்தம் மானம் சந்துபேசத் தடையாயிற்று. அத்தடையைக் கடந்தவர் பெண்டிர் இருவர். பிரான்சிசின் தாய் லூயிசும் சார்லசின் அத்தை மார்கரெட்டும் 1529இல் காம்பிரே நகரில் கூடினர். மார்கரெட்டின் மறைந்த கணவர் லூயிசின் உடன்பிறந்தவர். பிரான்சிசு இத்தாலிய உரிமைகளைத் துறந்தான். சார்லசு பர்கண்டியை வற்புறுத்தவில்லை. இருபது இலட்சம் பொற்காசு மீட்புத் தொகையாயிற்று.

1530இல் சிறுவர் மீண்டனர். சார்லசின் தமக்கை எலியனோர் பிரான்சிசை மணந்தார். 1531க்குள் லூயிசு, மார்கரெட் இருவரும் மறைந்தனர். 1536இல் மைத்துனர்களிடையே மீண்டும் போர் மூண்டது. உறவு தானே அமைதி தருவதன்று. அதனைப் பேணுவார் இருக்கும்வரையே அது பயன் தரும்.