விளக்கேந்திய கையும் ஆயுதமேந்திய கையும்: தொம்மலூர்ப் பக்கத்து இரவுக் காவலின் வரலாறு

நள்ளிரவில் வீட்டுக்குள் அன்னியர் எவரோ நுழைந்துவிட்டதாக ஐயுறும் ஒருவர், கையிலுள்ள துப்பாக்கியோடு விளக்கையும் பொருத்திக்கொள்வது நல்லதா, அதை மறு கையில் தனியே பிடிப்பது நல்லதா என்ற விவாதம், துப்பாக்கி எளிதில் கிடைக்கும் நாடுகளில் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளாக நடந்துவருகிறது. தென்னிந்திய ஊர்க்காவலில் இக்கேள்வி எழுந்ததே இல்லை. விளக்கு ஒருவர் கையிலும் ஆயுதம் இன்னொருவர் கையிலும் இருந்தன, தனி ஆளாயின் ஒரு கையில் தடியும் மறு கையில் விளக்கும் இருந்தன. இரண்டையும் ஒன்றாகப் பிணைக்கும் வழக்கம் இந்நாட்டில் முதலில் வேரூன்றியது வேட்டைக்காரர்களின் பரண்களில்தான். அவ்வழக்கத்தை நூல்களில் விரிவாக எழுதிவைத்தவர்களுள் ஒருவர் பெங்களூரில், தொம்மலூரை ஒட்டிய விமானத் தொழிற்சாலையில் பணிபுரிந்தவர் என்பதால், இவ்வரலாற்றை அந்த ஊர்ப்பக்கத்திலிருந்தே சொல்ல முடியும்.

தொம்மலூர் இன்று மேம்பாலத்தாலும் மென்பொருள் அலுவலகங்களாலும் அறியப்பட்டாலும், அங்குள்ள சொக்கநாதசுவாமி கோயிலின் தமிழ்க் கல்வெட்டுகள் அவ்வூரின் பழமையைக் காட்டுகின்றன. அவற்றுள் போசள மன்னன் வீரராமநாதன் காலத்தைச் சேர்ந்த 13ஆம் நூற்றாண்டுச் சாசனங்களும் உண்டு. பி. எல். ரைஸ் தொகுத்த கர்நாடகக் கல்வெட்டு வரிசையில் பெங்களூர் மாவட்டத்துக்குரிய தொகுதி 1905இல் வெளிவந்தது. பெங்களூர்த் தெருக்களில் மின்விளக்கு எரியத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான் என்பது தற்செயலே. கோயிலில் அணையாது எரியவேண்டிய நந்தா விளக்கு ஒன்றுக்கு 96 ஆடுகளை விட்டுவைப்பது சோழர் காலத்து வழக்கம். ஒரு சுடர் ஆண்டு முழுதும் எரிய ஒரு மந்தையின் நெய் வேண்டியிருந்தது என்றால், இரவெல்லாம் தெருவில் விளக்கோடு சுற்றிவருவது எத்தகைய ஆடம்பரமாக இருந்திருக்கும் என்பதை ஊகிக்கலாம்.

விளக்கின் விலை காவலின் முறையையே தீர்மானித்தது. மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சியில், மழை பெய்து தெருவில் நீரோடும் நள்ளிரவில் மதுரையைக் காக்கும் ஊர்க்காப்பாளர் வருகின்றனர். அவர்கள் தேடும் கள்வரைப் பற்றிய குறிப்பு வியக்கத்தக்க அளவுக்கு நுணுக்கமானது: காலில் செருப்பு, தொடையில் செருகிய குறுவாள், இருளோடு இருளாகக் கலக்கும் கருநீலக் கச்சு, இடுப்பில் சுற்றிய நூலேணி, நிலத்தை அகழும் உளி. காவலர் கையில் அம்பு இருக்கிறது. களவு பற்றிய நூல்களைக் கற்ற தேர்ச்சி இருக்கிறது. உறங்காத கண் இருக்கிறது. விளக்கு இருந்ததாக அப்பகுதி சொல்லவில்லை. எண்ணெய் விளக்கு எல்லாத் திசையிலும் ஒளி சிந்துவதால், அதை ஏந்தியவன் பிறரைக் காண்பதற்கு முன் பிறர் அவனைக் கண்டுவிடுவர். ஒளிந்திருப்பவனைத் தேடிப் போகிறவனுக்கு அது உதவியைவிட இடையூறாகவே இருந்திருக்கும். பாசறையின் நிலை வேறு. நப்பூதனாரின் முல்லைப்பாட்டில் அரசனின் பாடிவீட்டில் விளக்குகளைக் காக்கும் பெண்கள் கச்சில் வாளைக் கட்டிக்கொண்டு, கையில் நெய் வார்க்கும் குழாயோடு, அணையும் விளக்குகளை மீண்டும் மீண்டும் ஏற்றுகின்றனர். ஆயுதம் இடுப்பிலும் ஒளியின் பொறுப்பு கையிலும் இருக்கும் இந்த ஏற்பாடு, இன்றைய காவல் பயிற்றுநர்கூடக் குறை காண முடியாதது.

பிற்கால மைசூர்ச் சிற்றூர்களில் காவல் ஊர்ப்பணியாளர் முறையின் ஓர் அங்கமாக இருந்தது. ஆயகாரர் எனப்பட்ட பன்னிரு ஊர்ப்பணியாளருள் தளவாரன், அதாவது தமிழ்நாட்டில் தலையாரி எனப்படும் ஊர்க்காவலன், விளைச்சலில் ஒரு பங்கைக் கூலியாகப் பெற்று ஊரையும் களத்தையும் காத்தான். அவன் எதிர்கொண்ட திருட்டு இருவகைப்பட்டது. கன்னக்கோல் என்ற இரும்புக் கருவியால் மண்சுவரில் துளையிட்டு நுழைபவன் இருட்டை நம்பி வந்தான். தீவட்டிக் கொள்ளையரோ பந்தங்களைக் கொளுத்திக்கொண்டு கூட்டமாக, ஆரவாரத்தோடு வந்தனர். இரண்டாவது வகையில் ஒளி தாக்குபவன் பக்கம் இருந்தது. அது வழி காட்டியதோடு, கூரைவேய்ந்த ஊரை எரித்துவிடுவோம் என்ற மிரட்டலாகவும் பயன்பட்டது. தனியாள் தலையாரிக்கு இதற்கெதிராகத் தடியும் குரலும்தான் இருந்தன. ஊரை எழுப்புவதே அவனுடைய உண்மையான ஆயுதம்.

1809இல் பிரித்தானியப் படைமுகாமான கண்டோன்மெண்ட் அமைந்தபின் இப்பகுதியின் இரவு மாறத் தொடங்கியது. மதராஸ் படையோடு வந்த தமிழர் அல்சூரிலும் அதன் சுற்றுப்புறத்திலும் குடியேறினர். தொம்மலூர் முகாமின் ஓரத்தில் வயலும் ஏரியுமாக நீடித்தது. சிவனசமுத்திரத்தில் காவிரி நீரிலிருந்து எடுத்த மின்சாரம் 1902இல் முதலில் கோலார் தங்கவயலுக்குப் போனது. 1905 ஆகஸ்ட் 5 அன்று பெங்களூர் நகரத் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது. அதற்குமுன் மண்ணெண்ணெய் விளக்குக் கம்பங்களே இருந்தன. தெருவிளக்கின் வரலாற்றைப் பெருமையோடு எழுதுவோர், அது எட்டாத விளிம்பூர்களில் நெடுங்காலம் அரிக்கேன் விளக்கே ஆண்டதைச் சொல்ல மறந்துவிடுகின்றனர்.

அரிக்கேன் விளக்கு காற்றுக்கு அணையாதது என்பதைத் தவிர, எல்லாத் திசையிலும் ஒளி சிந்தும் பழைய குறை அதிலும் அப்படியே இருந்தது. அக்குறையைத் தீர்த்தது மின்கல விளக்கு, அதாவது டார்ச். டேவிட் மிசெல் என்பவர் 1899 ஜனவரி 10 அன்று இதற்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். காகிதக் குழாய்க்குள் உலர் மின்கலங்களை வரிசையாக அடுக்கி, ஒரு முனையில் குமிழும் அதன்பின் ஒளியைத் திரட்டி முன்னோக்கி அனுப்பும் பிரதிபலிப்பானும் வைத்த எளிய அமைப்பு அது. தொடக்ககால மின்கலங்கள் விரைவில் சோர்ந்ததால் விளக்கை விட்டுவிட்டு மின்னவிட வேண்டியிருந்தது. ஆயினும் ஏந்தியவனை இருட்டில் விட்டு எதிரிலிருப்பவனை மட்டும் வெளிச்சத்தில் நிறுத்தும் மலிவான கருவி ஒன்று காவல்காரனின் கைக்கு வந்துவிட்டது. இந்தியாவில் எவரெடி நிறுவனம் 1934இல் பதிவு பெற்றது. 1958இல் லக்னோவில் டார்ச் தயாரிக்கும் ஆலை எழுந்தது.

தமிழர் வழக்கில் டார்ச்சின் தகுதி அதற்குள் போடும் கட்டைகளின் எண்ணிக்கையால் அளக்கப்பட்டது. கட்டை என்பது ஒன்றரை வோல்ட் தரும் பெரிய உருளை மின்கலம். இரண்டு கட்டை லைட் பெண்கள் கொல்லைப்புறம் போகவும், மூன்று கட்டை வயலுக்கு மடை மாற்றப் போகவும், ஐந்து கட்டை தோப்புக் காவலுக்கும் என்று ஒரு படிநிலை இருந்தது. வெள்ளிபோலப் பளபளக்கும் வரியிட்ட உலோகக் குழாய், கட்டைவிரலால் தள்ளும் சறுக்குப் பொத்தான், அதன் முனையில் சைகை காட்டுவதற்கென அழுத்தினால் மட்டும் எரியும் சிறு குமிழ், பின்மூடிக்குள் சுருள்கம்பியின் அருகே பத்திரமாக வைத்த உபரி பல்பு, ஆணியில் தொங்கவிட வளையம் ஆகியவை அதன் உறுப்புகள். ஐந்து கட்டைகளே முப்பது சென்டிமீட்டருக்கு மேல் நீளும் என்பதால், அந்த விளக்கு ஒரு குறுந்தடியின் கனமும் வீச்சும் பெற்றது. தனியே ஆயுதம் தேவைப்படாத காவல்காரர் பலர் இருந்தனர். சோர்ந்த கட்டையை வெயிலில் காயவைத்து இன்னும் இரண்டு இரவு ஓட்டுவதும், மறந்துவிட்ட கட்டை கசிந்து குழாயை அரித்துவிடுவதும் அக்கருவியோடு வாழ்ந்தவர்கள் நன்கறிந்தவை.

ஆயுதத்தோடு விளக்கைப் பிணைத்த வரலாறு வேறு திசையில் ஓடியது. தொம்மலூரிலிருந்து கிழக்கே செல்லும் பழைய விமான நிலையச் சாலையில், 1940இல் வால்சந்த் ஹீராசந்த் மைசூர் அரசின் துணையோடு தொடங்கிய இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை உள்ளது. அங்குப் பணிபுரிந்த கென்னத் ஆண்டர்சன் (1910–1974), ஆட்கொல்லிப் புலி சிறுத்தைகளைப் பற்றிய நூல்களால் பெயர் பெற்றவர். அவர் முதல் நூல் 1954இல் வெளிவந்தது. தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்து ஜவளகிரி முதல் பென்னாகரம் வரையிலான அன்றைய சேலம் மாவட்டக் காடுகள் அவருடைய கதைகளில் அடிக்கடி வருகின்றன. 405 வின்செஸ்டர் துப்பாக்கியின் குழலோடு டார்ச்சைப் பற்றுப்பிடியால் இறுக்கி, பரணிலோ பாறை மறைவிலோ அமர்ந்து, இரைக்கு விலங்கு வந்த ஓசை கேட்டதும் பொத்தானை அழுத்திச் சுடுவது அவர் முறை. இருட்டில் குறிகாட்டி தெரியாது என்பதாலும், துப்பாக்கிக்கு இரு கைகளும் வேண்டும் என்பதாலும் விளக்கு குழலில் அமர்ந்தே ஆகவேண்டும்.

இதன் பலவீனமும் வேட்டை நூல்களிலேயே பதிவாகியுள்ளது. 1926 மே மாதத்தில் ருத்ரபிரயாகையின் ஆட்கொல்லிச் சிறுத்தையை ஜிம் கார்பெட் சுட்ட இரவில், டார்ச் மங்கலாக ஒரு முறை ஒளிர்ந்து, விசையை அழுத்தும்போதே அணைந்துவிட்டது. மாதக்கணக்கில் சுமந்தும் பயன்படுத்தாத அதன் மின்கலத்தின் ஆயுளை அவர் அறிந்திருக்கவில்லை. குண்டு பட்டதா இல்லையா என்பது தெரியாமல் அவர் மரத்தின்மேலேயே இரவைக் கழிக்க நேர்ந்தது. விலங்கு வேட்டையை 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் முடிவுக்குக் கொண்டுவந்தபின், குழல் விளக்கு இந்தியக் குடிமக்களின் வாழ்விலிருந்து ஏறத்தாழ மறைந்தது.

மேலைநாடுகளில் அது மறுபிறவி எடுத்தது காவல் படைகளிடம். 1980 மே 5 அன்று லண்டனில் ஈரானியத் தூதரகத்தை மீட்க நுழைந்த பிரித்தானிய அதிரடிப் படையினர் தங்கள் சிறு இயந்திரத் துப்பாக்கிகளில் டார்ச் பொருத்தியிருந்தனர். 1995இல் அமெரிக்கப் படை துப்பாக்கியின் மேல் துணைக்கருவிகள் பொருத்தும் தண்டவாளம் போன்ற பள்ளவரிசைக்கு ஒரே அளவை வகுத்தபின், விளக்கு எவர் துப்பாக்கியிலும் ஏறலாம் என்றாயிற்று. அதற்குமுன் அங்கும் கைவிளக்குதான்: ஒளியை நோக்கி எதிரி சுடுவான் என்ற அச்சத்தால் விளக்கை உடலிலிருந்து விலக்கிப் பிடிப்பது ஒரு முறை, இரு புறங்கைகளையும் ஒன்றோடொன்று அழுத்தி, விளக்கையும் கைத்துப்பாக்கியையும் ஒருசேரப் பிடிக்கும் ஹாரிஸ் முறை 1970களில் வந்தது.

பரணுக்குப் பொருந்தியது வீட்டுக்குப் பொருந்தாததற்குக் காரணம் எளியது. பரணில் இருப்பவருக்கு எதிரே வருவது விலங்கு என்பது முன்பே தெரியும். அவர் விளக்கைக் கொண்டு குறிபார்க்கிறார். வீட்டில் இருப்பவர் விளக்கைக் கொண்டு யார் என்று பார்க்கிறார். அந்த யார் என்பவர் இரவுப் பணி முடிந்து திரும்பிய மகனாகவோ தண்ணீர் குடிக்க எழுந்த மாமியாராகவோ இருக்கலாம். விளக்கு குழலோடு இருந்தால், பார்க்க விரும்பும் ஒவ்வொரு பொருளின்மீதும் குழலையும் நீட்டவேண்டும். விளக்கை இயக்க நினைத்த விரல் விசையை அழுத்திவிட்ட நிகழ்வுகள் பயிற்சி பெற்ற அமெரிக்கக் காவலரிடையிலேயே நேர்ந்து வழக்குகளாகியுள்ளன. குழல் விளக்கின் ஆதரவாளர் சொல்வதிலும் நியாயம் உண்டு: கதவைத் திறக்கவோ குழந்தையைத் தூக்கவோ ஒரு கை மிச்சமாகும், குறியும் தவறாது. அவர்களுள் கவனமானவர்கள் அதோடு ஒரு கைவிளக்கையும் வைத்துக்கொள்ளச் சொல்வதே, தேடுவதும் சுடுவதும் இரு வேறு வேலைகள் என்பதை ஒப்புக்கொள்வதாகும்.

தொம்மலூரில் இந்தத் தேர்வைச் சட்டம் முன்கூட்டியே செய்துவிட்டது. 1959இன் ஆயுதச் சட்டப்படி உரிமம் இன்றித் துப்பாக்கி வைத்திருக்க முடியாது. பெங்களூரில் அதை வழங்குபவர் மாநகரக் காவல் ஆணையர். இதே மாநிலத்தின் குடகில் மட்டும் கொடவருக்கும் ஜம்மா நிலவுரிமையாளருக்கும் பிரித்தானியர் காலத்து விலக்கு தொடர்கிறது. மத்திய அரசு 2019இல் அதை 2029 வரை நீட்டித்தது. தற்காப்பு உரிமையைப் பொறுத்தவரை, இரவில் வீட்டை உடைத்து நுழைபவனுக்கு எதிராக உயிர் பறிக்கும் அளவு வரை செல்ல, சில வரம்புகளுக்கு உட்பட்டு, 1860இன் தண்டனைச் சட்டம் 103ஆம் பிரிவில் இடமளித்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 41ஆம் பிரிவு அதையே சூரிய மறைவுக்குப் பின், உதயத்துக்கு முன் என்று சொல்கிறது. தெருவில் விளக்கு எரிந்ததா என்று இரண்டு சட்டங்களும் கேட்பதில்லை. அவை கேட்பது, தேவைக்கு மேல் தீங்கு இழைக்கப்பட்டதா என்பதையே. எதிரிலிருப்பவன் யார், அவன் கையில் என்ன இருந்தது என்பதை நீதிமன்றத்தில் சொல்ல வேண்டியவர், முதலில் அதை வெளிச்சத்தில் பார்த்திருக்க வேண்டும்.

1980களில் தொம்மலூர் லேஅவுட் போன்ற புதிய குடியிருப்புகள் பெருகியபோது, தலையாரியின் இடத்துக்குக் கூர்க்கா வந்தார். விசில், தரையில் தட்டும் தடி, கக்கத்தில் இடுக்கிய டார்ச், மாதத் தொடக்கத்தில் வீடு வீடாக வசூலிக்கும் சில ரூபாய்கள். 2005இன் தனியார் பாதுகாப்பு முகமைகள் சட்டத்துக்குப் பின் அந்த வேலை பெரும்பாலும் சீருடையணிந்த நிறுவனக் காவலர் கைக்கு மாறிவிட்டது. அவர்களிடமும் அடுக்ககத்தின் நுழைவாயில் மேசையில் ஒரு தடியும், அதன் அருகே மின்னேற்றம் செய்யும் எல்.இ.டி. டார்ச்சும் தனித்தனியாகவே இருக்கின்றன.