ஒரு சொம்பின் விளிம்பு

பாட்டியின் பித்தளைச் சொம்பைப் பழைய பாத்திரக்காரரிடம் எடைக்குப் போட்டுவிடலாம் என்று அம்மா முடிவு செய்திருந்தாள். வீடு மாற்றுகிறோம், பரணில் இருந்ததெல்லாம் கூடத்துக்கு இறங்கி வந்திருந்தது. "வேணும்னா போட்டோ எடுத்து வச்சுக்கோ" என்றாள். எடுத்தேன். பிறகு ஏனோ ஒரு தாளும் பென்சிலுமாக அதன் முன்னால் உட்கார்ந்துவிட்டேன்.

அரை மணி நேரத்தில் வெட்கமாகிவிட்டது. பொறியியல் முதலாண்டில் எத்தனை நீள்வட்டம் போட்டிருப்பேன்! ஆனால் சொம்பின் வாய் என் தாளில் இரு முனையும் கூர்ந்து மாங்கொட்டை மாதிரி வந்தது. அடிப்பாகம் நேர்க்கோடு. தரையில் தட்டையாக உட்காரும் பொருள் என்று எனக்குத் தெரியும், அதனால் தட்டையாகவே வரைந்துவிட்டேன். மேலிருந்து பார்த்தால் அடிவிளிம்பு வாயைவிட அதிகமாக வளைந்து தெரிகிறது. கண் அதைச் சொல்லிக்கொண்டேதான் இருந்தது, கை கேட்கவில்லை.

தெரிந்ததை வரைவதா, தெரிவதை வரைவதா என்ற இந்தச் சண்டைக்குச் சென்னையில் வயது அதிகம். 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் இங்கே தன் சொந்த முயற்சியில் ஓர் ஓவியப் பள்ளியைத் தொடங்கினார். சில ஆண்டுகளில் அரசு அதை ஏற்றுக்கொண்டது. இன்று பெரியார் ஈ.வெ.ரா. சாலையில் இருக்கும் அரசு கவின் கலைக் கல்லூரி அதன் தொடர்ச்சிதான்.

அதே காலத்தில் லண்டனில், 1851ஆம் ஆண்டின் மாபெரும் கண்காட்சிக்குப் பிறகு, ஹென்றி கோலும் ரிச்சர்ட் ரெட்கிரேவும் ஓவியக் கல்விக்கு 23 படிகள் கொண்ட ஒரு பாடத்திட்டத்தை வகுத்தார்கள். சவுத் கென்சிங்டன் முறை என்று பின்னாளில் பெயர் பெற்றது அதுதான். முதலில் கருவிகளைக் கொண்டு கோடு. அடுத்து, அச்சிட்ட மாதிரியைப் பார்த்து வெறுங்கையால் புறக்கோடு. அதன் பிறகே கனமுள்ள பொருளைப் பார்த்துப் புறக்கோடு. நிழலும் வண்ணமும் அதற்கும் பின்னால். தொழிற்சாலைக்கு வேண்டிய, கண்ணும் கையும் ஒத்துப்போகிற ஆட்களை உருவாக்குவதுதான் முக்கிய நோக்கம். இந்தியக் கலைப்பள்ளிகளுக்கும் இந்த முறை கப்பலேறி வந்தது. தமிழ்நாட்டு அரசின் தொழில்நுட்பத் தேர்வுகளில் வெறுங்கைப் புறக்கோடு என்ற தாள் இடம்பெற்றது அந்த மரபின் மிச்சம்தான்.

எனக்கு இதில் ஒரு நெருடல் உண்டு. இந்தச் சொம்பைத் தட்டிச் செய்த கன்னார் எந்தத் தாளிலும் அதை வரைந்திருக்க மாட்டார். வளைவு அவர் கையில் இருந்தது. அந்த ஊர்க்காரர்களுக்குத்தான் வளைவை எப்படிப் பார்ப்பது என்று பாடம் எடுத்தார்கள்.

இங்கிலாந்திலேயே இந்த முறைக்கு எதிர்ப்பு இருந்தது. 1857இல் வெளிவந்த தன் ஓவியப் பாடநூலில் ஜான் ரஸ்கின் புறக்கோட்டிலிருந்து தொடங்கவில்லை. ஒரு சதுரத்தைப் பேனாவால் சீராக நிழலிட்டு நிரப்புவதுதான் அவருடைய முதல் பயிற்சி. நாம் காண்பது வண்ணத் திட்டுகளை மட்டுமே, ஒரு திட்டு முடிந்து இன்னொன்று தொடங்கும் இடத்தை நாம்தான் கோடு என்கிறோம் என்பது அவர் கட்சி. என் சொம்பைத் தொட்டுப் பார்த்தேன். அதன் இடுப்பில் கோடு எதுவும் இல்லை. நான் ஓரடி நகர்ந்தால் அந்த 'விளிம்பு'ம் நகர்கிறது. அது பித்தளையின் எல்லை அல்ல, என் பார்வையின் எல்லை.

அப்படியானால் கோடு பொய்யா? 1950களின் இறுதியில் டேவிட் ஹூபலும் டார்ஸ்டன் வீசலும் பூனையின் மூளையை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். புள்ளிகளைக் காட்டியபோது சும்மா இருந்த ஒரு நரம்பணு, கண்ணாடிச் சில்லின் விளிம்பு நிழல் திரையில் தற்செயலாக நகர்ந்தபோது படபடவென்று துடித்தது. 1981இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. உலகத்தில் கோடு இல்லை என்றாலும் மூளை விளிம்புகளைத் தேடிக்கொண்டே இருக்கிறது. ரஸ்கினும் சரி, கோலும் சரி என்று சொல்லலாம்.

1986இல் ஜான் கேனி இந்தத் தேடலைக் கணிதமாக்கினார். அவர் பெயரிலான விளிம்பு கண்டறியும் நிரல் எங்கள் தொழிலில் அன்றாடச் சாமான். சொம்பின் போட்டோவை அதில் கொடுத்தேன். பித்தளையில் பிரதிபலித்த ஜன்னல் கம்பிகள் அத்தனையும் கெட்டியான கோடுகளாக வந்தன. வரம்பு மதிப்பை ஏற்றினேன். கம்பிகள் போகவில்லை, கழுத்துக்குக் கீழே புள்ளி புள்ளியாக வெட்டியிருந்த பாட்டியின் பெயர்தான் முதலில் காணாமல் போனது. வெளிச்ச வேறுபாடு குறைவு, அவ்வளவுதான். நிரல் மீது குற்றமில்லை.

மறுபடி பென்சிலுக்கே வந்தேன். தாளைப் பார்க்காமல், எறும்பு ஊர்கிற வேகத்தில் கண்ணை வாய்விளிம்பின் மேல் நகர்த்தினேன். வலது பக்கத்தில் ஓரிடத்தில் வளைவு லேசாகச் சப்பையாகி மீண்டும் எழுந்தது. முப்பது வருடமாகப் பார்த்த சொம்பு. இதைக் கவனித்ததே இல்லை.

அம்மா எட்டிப் பார்த்தாள். "வாய் ஏன் இந்தப் பக்கம் கோணலா இருக்கு?"

சொம்பையே நீட்டினேன். கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். "இது நான் போட்டது. ஏழாவது படிக்கிறப்ப, கிணத்தடியில. எங்கம்மா அடிக்கல. அன்னைக்குப் பூரா பேசல, அவ்வளவுதான்."

ஹண்டர் தொடங்கிய அதே பள்ளியில்தான் 1898இல் ஆல்ஃபிரட் சாட்டர்டன் அலுமினியப் பாத்திரம் செய்யும் சோதனைகளைத் தொடங்கினார். பித்தளையை அடுக்களையிலிருந்து வெளியேற்றிய கதையின் முதல் அத்தியாயங்களில் அதுவும் ஒன்று. சொம்பை வரையக் கற்றுக்கொடுத்த கூரையின் கீழேயே அதற்கு மாற்றும் பிறந்தது.

மறுநாள் பாத்திரக்காரர் வந்தார். அண்டா, தவலை எல்லாம் தராசில் ஏறின. சொம்பை அம்மா எடுத்து வரவில்லை, நானும் கேட்கவில்லை. என் படத்தில் வாயின் இடது முனை இன்னமும் மாங்கொட்டைதான். வலது பக்கச் சப்பை மட்டும் சரியாக விழுந்திருக்கிறது.